காலி வீட்டுக்காரி

"முழு வீடும் உங்களுக்கு வேணுமா அம்மா?"

வீட்டு வாடகை வழக்குகளை விசாரிக்கும் அதிகாரி இப்படிக் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நல்ல மனிதர். அவருக்கு அன்று கடுமையான ஜலதோஷம். மேலே மின்விசிறி சுற்றினால் தும்மல் வருகிறது என்று நிறுத்தச் சொல்லிவிட்டார். அந்த அறையில் இருந்த நாங்கள் அத்தனை பேரும் வேர்த்து வழிந்துகொண்டு நின்றோம்.

எனக்கு இடது பக்கம், என் அண்ணன் அமர்த்திய வக்கீல். வலது பக்கம் ரோசம்மாவும் அவள் புருஷன் அந்தோணியும். திருவொற்றியூரில் என் பேரில் இருந்த வீட்டில் குடியிருந்தவர்கள். ரோசம்மா மாதா கோயிலுக்கு வந்த மாதிரி தலையில் முக்காடு போட்டிருந்தாள். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

பதில் எனக்கு மனப்பாடம். "ஆமாய்யா, எனக்கு வேற வீடு கிடையாது." இதற்கு முன் மூன்று வீடுகளுக்காக வந்து நின்று, மூன்று தடவையும் இதைத்தான் சொல்லியிருந்தேன். அன்றைக்கும் சொன்னால் ரோசம்மாவும் பிள்ளைகளும் தெருவுக்குப் போவார்கள். முழு வீடும் எனக்கு வந்துவிடும்.

நான் ரோசம்மாவின் முக்காட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

போன வாரம் இந்தத் தொடரில் தீப்பெட்டி ஆலைச் சங்கதி எழுதும்போது, எனக்குச் சொந்த வீடு இருந்ததால் வாடகைக் கவலை இல்லை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். ஒரு வாசகி பிடித்துக்கொண்டார். சின்ன வயதிலேயே தாலியறுத்த ஒருத்திக்கு மதராஸில் சொந்த வீடு எப்படி வந்தது, நீங்கள் கொடுத்து வைத்தவர் என்று எழுதியிருக்கிறார். கொடுத்து வைத்தவளா? அடி அம்மா, நல்லாச் சொன்னாய் போ! இந்த வாரம் அதைத்தான் எழுதப் போகிறேன்.

ஊர் ஓடியபோது வாங்கியவர்

என் அண்ணனை ராயபுரத்தில் எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். கூடப் பிறந்த நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து மிளகாய், மல்லி, கருப்பட்டி என்று மொத்த வியாபாரம் செய்தார். கெட்டிக்காரர். பாசமில்லாதவர் என்றும் சொல்லமாட்டேன். அவருடைய பாசம் எப்போதும் ஒரு வேலையோடு சேர்ந்துதான் வரும்.

யுத்த காலத்தில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று ஊரே மூட்டை கட்டியது அல்லவா? துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் ராயபுரத்துக்காரர்களுக்குப் பயம் இன்னும் அதிகம். ஜட்கா கிடைக்காமல் தலையில் பெட்டி தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அண்ணன் மட்டும் கடையில் மிளகாய் மூட்டை மேல் உட்கார்ந்து, ஓடுகிறவர்களிடம் வீடு விலை பேசினார்.

"குண்டு விழுந்தா வீடுதானளா போவும்? மனை கெடக்கும்லா" என்று மதினியிடம் சொன்னாராம்.

அவர் வாங்கிய வீடுகள் மேல் எந்தக் குண்டும் விழவில்லை. யுத்தம் முடிந்ததும் ஓடினவர்கள் திரும்பினார்கள். அவர்களோடு துறைமுகத்துக்கும் ஆலைக்கும் வேலை தேடி இன்னொரு ஊரே வந்து இறங்கியது. ஒரு பத்தடி அறைக்கு நாலு குடும்பம் போட்டி போட்டது. அதற்குள் அண்ணனுக்கு எத்தனை வீடு இருந்தது என்று அண்ணனுக்கே யோசித்துத்தான் சொல்லத் தெரியும். ஒன்று மதினி பேரில், ஒன்று மதினியின் அம்மா பேரில், ஒன்று பால்குடி மறக்காத கடைசிப் பையன் பேரில். அவர் பேரில் கடை மட்டும்தான்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது அந்தச் சமயத்தில்தான். என் புருஷன் காலராவில் போய்விட்டார். அவர் முகம் எனக்கு நன்றாகப் பழகுவதற்கு முன்பே போய்விட்டார். அண்ணன் ஊருக்கு வந்து என்னைக் கையோடு கூட்டி வந்தார். கடைக்குப் பின்னால் மூட்டை அடுக்கும் அறையில் பாய் போட்டுக் கொடுத்தார்கள். படுத்தால் மிளகாய் நெடியில் விடிய விடியத் தும்முவேன். "இவ தும்மலு தீருததுக்கு ஒரு வழி பண்ணுங்க" என்று மதினி அலுத்துக்கொள்வாள்.

அண்ணன் வழி பண்ணினார்.

அண்ணன் கண்ட வழி

யுத்தத்தை ஒட்டி வந்த சட்டப்படி, குடித்தனக்காரரை நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது. வாடகையையும் நினைத்தபடி ஏற்ற முடியாது. ஆனால் வீட்டுச் சொந்தக்காரருக்கே குடியிருக்க வேறு வீடு இல்லை என்றால், மனு போட்டு வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். நியாயமான சட்டம். அண்ணன் அதை வக்கீலிடம் ஒரு தடவை படித்துக் காட்டச் சொன்னார். கேட்டு முடித்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஆள் குடியிருக்கிற வீடு மலிவாகக் கிடைக்கும். அதே வீடு காலியாக இருந்தால் விலை எங்கேயோ போய்விடும். அண்ணன் ஆள் இருக்கிற வீட்டை என் பேரில் வாங்குவார். வீடில்லாத விதவை நான் போய், எனக்கு வேறு வீடு கிடையாது என்று சொல்லுவேன். அவர்கள் காலி செய்ததும் நான் போய்க் குடியிருப்பேன். கொஞ்ச நாள் இருந்து காட்டாவிட்டால் காலி செய்தவன் புகார் கொடுத்துவிடுவான் என்று பயம். அந்தப் பயம் தீர்ந்ததும் வீட்டை நல்ல விலைக்கு விற்பார். எங்கே கையெழுத்து என்று விரலால் காட்டுவார், நான் போடுவேன். பிறகு என்னை அடுத்த வீட்டுக்கு அனுப்புவார்.

இதில் வேடிக்கை என்னவென்றால் நான் சொன்னது எதுவும் பொய்யில்லை. எனக்கு வேறு வீடு கிடையாதுதான்.

முதல் வீடு ராயபுரத்திலேயே இருந்தது. குடிபோகிற அன்றைக்கு மதினி பட்டுப் புடவை கட்டி வந்து பால் காய்ச்சினாள். வீடு என் பேரில். ஆனால் பால் காய்ச்ச நான் ஆகாது. பொங்கி முடிகிற வரைக்கும் கொல்லைப்பக்கம் நிற்கச் சொன்னார்கள். அப்புறம் ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டு எல்லோரும் ஜட்காவில் ஏறிப் போனார்கள். நான் உள்ளே வந்தேன். அவசரத்தில் போனவர்கள் தூளிக் கயிற்றை உத்திரத்திலிருந்து அவிழ்க்காமலே போயிருந்தார்கள். சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கரிக்கோட்டுக் கிறுக்கல். சாயங்காலம் ஒரு பூனை வந்து ஒவ்வொரு அறையாகப் பார்த்துவிட்டு என்னை முறைத்தது. அவர்களுடைய பூனை போலிருக்கிறது.

ஒருத்திக்கு அத்தனை பெரிய வீடு எதற்கு? ஒரு ஆழாக்கு அரிசி, ஒரு பாய், ஒரு குடம். இருட்டுகிற நேரத்தில் துறைமுகத்தில் கப்பல் ஊதினால் எழுந்து வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்புவேன். பேசுவதற்கு ஆளில்லாமல் நானே பேசிக்கொள்வேன். "சோறு வடிக்கட்டுமா?" என்று கேட்டு, "வடியேன், யார் வேண்டாம்னா?" என்று பதிலும் சொல்லுவேன். தெருவிலும் யாரும் பேசமாட்டார்கள். பிள்ளைகுட்டியோடு இருந்த குடும்பத்தைக் கிளப்பிவிட்டு வந்தவள் அல்லவா நான்! குழாயடியில் என் குடத்தைக் காலால் நகர்த்தி வைப்பார்கள். நானும் அவர்கள் இடத்தில் இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன்.

இரண்டாவது வீடும் இப்படித்தான். மூன்றாவதிலும் அதே கதை. அதில் ஒரு முழு மாதம் பால்காரனைத் தவிர யாரிடமும் நான் வாய் திறந்ததாக ஞாபகம் இல்லை. செத்துப் போயிருந்தால் நாற்றம் வந்துதான் தெரிந்திருக்கும்.

சுவருக்கு அந்தப் பக்கம்

மூன்றாவது வீடு விற்றதும், வழக்கம்போல் நாலைந்து காகிதத்தில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு அண்ணன் சொன்னார்: "ஏளா, திருவொத்தியூர்ல ஒரு வீடு கெடக்கு. உன் மதினி பேர்ல வாங்குனது. பின்னால ஒரு குடும்பம் இருக்கு, முன் ரூமு சும்மா கெடக்கு. அடுத்தது அமையுத வரைக்கும் அங்கன இரு."

சரி என்று போனேன். ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் ஒருவர் இருமினால் இந்தப் பக்கம் நான் நெஞ்சைத் தடவிக்கொள்ளலாம். போன அன்றைக்கே ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ரோசம்மா வாசலில் வந்து நின்றாள்.

"இன்னா தங்கச்சி, ஒண்டியாவா கீற?"

"ஆமாக்கா."

"அய்ய, பாவமே! பயந்துக்காத. சொவத்துல ஒரு தட்டு தட்டு, அல்லாரும் ஓடியாந்துருவோம். நாஸ்டா துன்னியா?"

மதராஸுக்கு வந்து அத்தனை வருஷத்தில் சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். நான் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவள் பதறிப்போய், "இன்னாமே, நாஸ்டாதானே கேட்டேன்" என்றாள்.

அந்தோணிக்குத் துறைமுகத்தில் சரக்கு தூக்கும் விஞ்சு ஓட்டுகிற வேலை. நாலு பிள்ளைகள், ஒரு மாமியார். ஓயாத சத்தம். காலையில் பிள்ளைகள் அடித்துக்கொள்ளும் சத்தம், மத்தியானம் அம்மி, விளக்கு வைத்ததும் எல்லோரும் மண்டியிட்டுச் சொல்லுகிற ஜெபமாலை. எனக்கு அந்த ஜெபம் தெரியாது. ஆனாலும் சுவரில் சாய்ந்துகொண்டு அது முடிகிற வரைக்கும் கேட்பேன். ரோசம்மா நெத்திலிக் குழம்பு கொண்டு வந்து வைப்பாள். மதினி வீட்டில் எனக்கு மீன் விலக்கு. "துன்னுமே, இங்க எவ பாக்கப் போறா?" என்பாள். தின்றேன். கிண்ணத்தை விரலால் வழித்துத் தின்றேன். மழை நாளில் கடைசி இரண்டு பிள்ளைகளும் என் பாயில் வந்து படுத்துக்கொள்ளும். காலைத் தூக்கி என் வயிற்றில் போடும். இப்போது நினைத்தாலும் அந்தக் கனம் தெரிகிறது.

பின்கட்டில் கூரை ஒழுகும். அப்போதெல்லாம் ரோசம்மா வீட்டுக்காரியைத் திட்டித் தீர்ப்பாள். "எவளோ ராயபுரத்துல குந்திக்கினு வாடகை மட்டும் வாங்கிக்கினு கீறா. ஒரு நாளு வந்து எட்டிப் பாத்தாளா, கஸ்மாலம்!" நானும் சேர்ந்து திட்டுவேன். மதினியைத்தானே என்று, உள்ளதையெல்லாம் கொட்டி மனசாரத் திட்டுவேன். ரோசம்மாவே, "போதும்மே, பாவம்" என்று நிறுத்துவாள்.

ஒரு நாள் காலையில் வாடகை வாங்குகிற கணக்குப்பிள்ளை வந்தார். முற்றத்தில் நாங்கள் இரண்டு பேரும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம்.

"வீட்டுக்காரம்மா உங்க பேர்ல மனு போட்டிருக்காங்க. முழு வீடும் வேணுமாம். விசாரணைக்கு வரணும்" என்றார் ரோசம்மாவைப் பார்த்து.

"எந்த வூட்டுக்காரம்மா? அவளே வந்து சொல்லட்டும்" என்றாள் ரோசம்மா.

"இதென்ன கூத்து! பக்கத்துலயே உட்கார்ந்திருக்காங்களே" என்று அவர் என்னைக் கை காட்டினார்.

நான் ரோசம்மாவைப் பார்த்தேன். என் கையிலிருந்த கீரைக்கட்டை அவள் மெதுவாக வாங்கித் தன் முறத்தில் போட்டுக்கொண்டாள்.

"நீயா வூட்டுக்காரி?"

"சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. மதினி பேர்லன்னு சொன்னாங்க."

"வூடு யார்துன்னு வூட்டுக்காரிக்கே தெரியாதாம்!" என்று அவள் உள்ளே பார்த்துக் கத்தினாள். "எம்மாம் நாளு ஒண்ணா குந்தித் துன்னோம்! டேய், அல்லாரும் உள்ள வாங்கடா!"

என் அறையில் இருந்த பிள்ளைகள் எழுந்து ஓடின. நடுக் கதவுக்குத் தாழ் போட்டாள்.

அண்ணன் வந்தபோது கேட்டேன்: "மதினி பேர்லன்னு சொன்னீகளே?"

"முன்னாடியே தெரிஞ்சா அவன் வக்கீலப் பாத்துருவாம்லா. அதுக்குத்தான். நீ எப்பவும் சொல்லுதத சொல்லு. உனக்கென்ன, புள்ளயா குட்டியா? ஒரு வீடு போனா இன்னொரு வீடு" என்றார். அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார்.

ஒரு ரூம்

அப்படித்தான் அந்த அறையில் வந்து நின்றேன். அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் கேட்டார்.

"சொல்லுங்கம்மா. முழு வீடும் வேணுமா?"

"வேண்டாங்கய்யா" என்றேன். "எனக்கு அந்த முன் ரூமே போதும். இவங்க இருக்கிறபடி இருக்கட்டும்."

வக்கீல் என் பக்கம் குனிந்து, "என்னம்மா உளர்றீங்க?" என்று பல்லைக் கடித்தார்.

"அப்புறம் எதுக்கம்மா இந்த மனு?" என்றார் அதிகாரி.

"கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன். இப்ப வேண்டாங்கய்யா."

அவருக்குத் தும்மல் வந்தது. தும்மி முடித்து, மனு தள்ளுபடி என்றார்.

இதைப் படித்துவிட்டு எனக்குப் பெரிய மனசு என்று யாரும் எழுதிவிட வேண்டாம். தர்ம சிந்தனையெல்லாம் அன்றைக்கு எனக்கு இல்லை. இன்னொரு காலி வீட்டில் இருக்க என்னால் முடியாது, அவ்வளவுதான். அந்தச் சத்தம் எனக்கு வேண்டியிருந்தது.

வெளியே மரத்தடியில் அண்ணன் நின்றார். வக்கீல் சொன்னதைக் கேட்டு அவர் முகம் செத்துப் போயிற்று.

"ஏளா, என்ன காரியம் பண்ணிட்ட?"

"தனியா இருக்க முடியல அண்ணாச்சி."

"தனியாவா? நாங்கல்லாம் இல்லையா?"

"எங்க?" என்று கேட்டேன்.

அவர் ரிக்ஷாவில் ஏறிப் போனார். வீட்டை என்னிடமிருந்து அவரால் பிடுங்க முடியவில்லை. தன் பணத்தில் வாங்கியது என்று சொன்னால் மற்ற வீடுகளின் கதையும் வெளியே வந்துவிடும். தாலியறுத்த தங்கைக்குத் தனக்கென்று எதுவும் வேண்டியிருக்காது என்று அவர் போட்ட கணக்குத்தான் தப்பிப் போயிற்று. அதற்கப்புறம் அவர் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் என்னைக் கூப்பிடவில்லை.

வீட்டுக்காரம்மா

திரும்பி வரும்போது பிள்ளைகளுக்குப் பொட்டுக்கடலை வாங்கி வந்தேன். ரோசம்மா ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

வந்தாள். வாசற்படிக்கு வெளியே நின்று, இரண்டு கையிலும் வாடகையை ஏந்தி நீட்டினாள்.

"வூட்டுக்காரம்மா, இந்தாங்க."

"என்னக்கா இது! உள்ள வாங்க. எனக்கு எதுக்கு வாடகை?"

"அப்டி சொல்லாதீங்கம்மா. வாங்கிக்கினு ஒரு ரசீது குடுங்க. இன்னிக்கு வேணாம்னு சொன்ன வாயி நாளைக்கு வேணும்னு சொன்னா, நாங்க எங்க போவோம்? ரசீது இருந்தா ஒரு தெம்பு."

அவள் சொன்னது நியாயம்தான். அவளைக் காப்பாற்றக்கூடியவள் நான் என்றால், கிளப்பிவிடக்கூடியவளும் நான்தானே? எழுதிக் கொடுத்தேன். கும்பிட்டு வாங்கிக்கொண்டாள்.

அதன் பிறகு நடுக் கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் யாரும் வரவில்லை. குழம்பு வந்தால் மூடி போட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவாள். பிள்ளைகள் கொஞ்சம் சத்தம் போட்டால், "ஸ்ஸ்! வூட்டுக்காரம்மா படுத்துக்கினு கீறாங்க" என்று அதட்டுவாள். ஜெபமாலையைக்கூட வாய்க்குள் முணுமுணுத்தார்கள். மரியாதையாம்! எதற்காக அண்ணனைப் பகைத்துக்கொண்டேனோ அந்தச் சத்தத்தை, எனக்கு மரியாதை செய்வதற்காகவே அடக்கிவிட்டார்கள். "கத்துங்கடா!" என்று சுவரைப் பார்த்துச் சொல்லத் தோன்றும். சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

கொஞ்ச வருஷத்தில் அந்தோணிக்கு வேலைக்காரர்களுக்கான குடியிருப்பில் வீடு கிடைத்தது. ரோசம்மா பின்கட்டைக் கழுவி, அடுப்புக்குச் சுண்ணாம்பு பூசிச் சாவியைக் கொடுத்தாள். "வரேம்மா" என்றாள். ஒரு தடவை தங்கச்சி என்று சொல்லமாட்டாளா என்று, வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் வாசலில் நின்றேன். முழு வீடும் எனக்கே வந்துவிட்டது.

எத்தனை பேர்?

இன்றைய வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் வீடு கேட்டு வருகிறவர்களிடம் வீட்டுக்காரர் முதலில் கேட்பது, எத்தனை பேர் என்றுதான். கூட்டம் என்றால் கதவைச் சாத்திவிடுவார்கள். அதனால் வருகிறவர்கள் பிள்ளைகளைத் தெருக்கோடியில் நிறுத்திவிட்டு, புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர்தான் என்பார்கள். அட்வான்ஸ் கொடுத்துக் குடிவந்த பிறகு ஒவ்வொரு தலையாக வெளியே வரும்.

பின்கட்டு வாடகைக்கு என்று நான் கதவில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிவைத்த அன்றைக்கே ஒருவர் வந்தார். எண்ணூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் பிட்டர். கூடப் பெண்டாட்டி, அவள் இடுப்பில் ஒரு குழந்தை.

"எத்தனை பேர்?" என்றேன்.

"நானு, இவ, இந்தக் கொயந்த. அவ்ளோதாம்மா."

என் முகம் வாடிவிட்டது. அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டார். "சத்தமே இருக்காதும்மா. கொயந்தகூட அயுவாது."

"வேற யாருமே இல்லையா?"

"யாரும் இல்லம்மா. மாதா மேல சத்தியமா."

"அப்படின்னா தோதுப்படாதுங்க" என்று நான் கதவில் கை வைத்தேன்.

அந்தப் பெண் புருஷனை இடித்தாள். "எப்டியும் கெடைக்கப் போறதில்ல. பொய்ச் சத்தியம் வேற எதுக்குய்யா? உண்மைய சொல்லிட்டாவது போலாம்." என் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சுக்கம்மா. இன்னும் அஞ்சு புள்ளைங்க கீது. மாரியம்மன் கோயிலாண்ட நிக்க வெச்சிட்டு வந்தோம். இவரோட அம்மாவும் அங்கதான் கீறாங்க. அவங்களுக்குக் காது கேக்காது. கத்திக் கத்தித்தான் பேசணும்."

"அவங்களும் உங்ககூடத்தான் இருப்பாங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாம்மா" என்றாள், தலையைக் குனிந்துகொண்டு.

நான் உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்து அவள் கையில் வைத்தேன். எல்லோரையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். இன்றைக்கேவா என்று அந்த மனிதர் கேட்டார். இப்போதே என்றேன். வாடகை எவ்வளவு என்று சொல்ல எனக்கு மறந்துவிட்டது. கேட்டால் மனசு மாறிவிடுவேனோ என்று அவர்களும் கேட்கவில்லை.